பன்னிரண்டு வாரத் தோள்

என் வலது தோளின் விலை பன்னிரண்டு வாரம் என்றாள் நதியா.

நான் ஆறு என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு, "இன்னாண்ணா ஆறு?" என்றாள்.

"ஆறு வாரம்மா. ஆடி பதினெட்டுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் ஆவணி முகூர்த்தக் கூட்டம் வந்துடும்."

"நான் இன்னா ஜாக்கெட்டா தைக்கிறேன்?"

என்மேல் தப்பில்லை. பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற தெருவில், உமாபதி முதலாளியின் பட்டுக்கடையில், புடவை விரித்துப் போடுகிற மெத்தையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முதலில் சொல்லப்படும் எண்ணை நம்பக்கூடாது என்பதுதான் அங்கே அரிச்சுவடி. நாங்கள் ஒன்று சொல்வோம், வந்தவர்கள் ஒன்று கேட்பார்கள், நடுவில் எங்கோ புடவை இருக்கும். கீரைக்காரியிலிருந்து கல்யாணத் தரகர் வரைக்கும் எங்கள் தெருவில் யாரும் முதல் எண்ணோடு நின்றதில்லை. ஒருத்தி வாயைத் திறந்து பன்னிரண்டு என்றால், பாதியைக் கேட்காமல் விடுவது அவளுக்கே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஆள் நான்.

வைகாசி நடுவில்தான் இந்தத் தோள் வலி வந்தது. வேலூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி, பதினொரு பேர். அதில் ஒன்பது பேருக்கு அபிப்பிராயம் இருந்தது. பட்டுப் புடவையை விரித்துப் போடுவது லேசான காரியமில்லை. ஒரு முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு மீதியை வலது கையால் தோள் உயரத்துக்கு வீச வேண்டும். புடவை காற்றில் ஒரு கணம் நின்று, ஜரிகை விளக்கில் மின்னி, முந்தானை சரியாக அந்த அம்மாளின் மடியில் போய் விழ வேண்டும். மடியில் விழுந்த புடவையை எடுத்து அப்பால் வைக்கப் பெண்களுக்கு மனசு வராது. பாதி வியாபாரம் அந்த வீச்சில்தான். ஒரு புடவை முக்கால் கிலோவாவது இருக்கும். முகூர்த்தக் காலத்தில் நாளொன்றுக்கு இருநூற்றைம்பது வீசுவேன். அன்றைக்கு அவர்களுக்காகக் கடைசிப் புடவைக் கட்டை மேல்தட்டிலிருந்து இழுத்தபோது தோளுக்குள் ஏதோ 'டப்' என்றது. புடவை விற்றுவிட்டது. தோள்தான் நின்றுபோயிற்று.

சட்டை மாட்ட முடியவில்லை. வலது பக்கம் படுக்க முடியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் சுளுக்கு எடுக்கிற வீரபாகுவிடம் மூன்று வாரம் போனேன். நல்ல மனுஷன், எண்ணெயும் நல்ல எண்ணெய், பேச்சு அதைவிட நன்றாக இருக்கும். வலி மட்டும் அப்படியே இருந்தது. பிறகுதான் எலும்பு டாக்டர், ஸ்கேன், அங்கிருந்து பேருந்து நிலையம் பக்கத்தில் மருந்துக்கடை மாடியிலிருக்கும் நதியாவின் பிசியோதெரபி அறை.

தென்னேரிப் பெண். முப்பது வயதிருக்கும். "டாக்டரம்மா" என்று கூப்பிட்டேன். "நான் டாக்டர் இல்ல, பிசியோ. நதியான்னே கூப்பிடுங்க" என்று அதையும் முதல் பேச்சிலேயே குறைத்துக்கொண்டாள். சரி, இவளுக்குக் குறைக்கத் தெரிகிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள். இடுப்பிலிருந்து கொஞ்ச தூரம் வலி இல்லை. தோளை நெருங்கும்போது உயிர் போயிற்று. பிறகு கையை முன்னால் நீட்டி, டம்ளரிலிருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டுகிற மாதிரி கட்டைவிரலைத் தரையைப் பார்க்கத் திருப்பச் சொன்னாள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து லேசாக அழுத்தினாள். என் கை தொப்பென்று விழுந்தது.

"இப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன். அண்ணா, உங்க தோள் எலும்போட தலை உருண்டை. அது உக்காந்திருக்கிற குழி ரொம்ப சின்னது, சாசர் மாதிரி. உருண்டை நழுவாம இருக்க, நாலு சின்ன சதை சுத்திப் பிடிச்சிக்கினு இருக்குது. சட்டைக் கை நுனியில கஃப் மணிக்கட்டைச் சுத்திப் பிடிக்குது இல்ல, அந்த மாதிரி. அதனாலதான் ரொட்டேட்டர் கஃப்னு பேர். அந்த நாலுல மேல போற ஒண்ணோட நாண்தான் உங்களுக்கு பாதி கிழிஞ்சிருக்குது."

"நாணுன்னா?"

"சதையை எலும்போட சேர்க்கிற கயிறு. அதுக்கு மேல கூரை மாதிரி ஒரு எலும்பு. நடுவுல இடம் கம்மி. கையத் தோளுக்கு மேல தூக்குற ஒவ்வொரு தடவையும் நாண் அங்க நசுங்குது. இருவத்தாறு வருஷமா நசுக்கியிருக்கீங்க."

டாக்டர் இதையே நெசவுப் பாவில் இழை அறுந்த கதையாகச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் யாருக்கு எது கிழிந்தாலும் நூலை வைத்துத்தான் விளக்குவார்கள். வயிற்றுவலிக்குக்கூட. இவள் சட்டையை வைத்துச் சொன்னது எனக்குப் பிடித்தது.

"ஆபரேஷன்?"

"முழுசா அறுந்தா யோசிக்கணும். பாதிக் கிழிசல் நிறைய பேருக்குப் பயிற்சியிலயே சரியாப் போவுது. ஆனா பன்னெண்டு வாரம். அதுவரைக்கும் தோளுக்கு மேல கை போகக் கூடாது. புடவை வீசக் கூடாது."

மூன்று பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தாள். இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது. சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே நடத்துவது. சுருட்டிய துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கதவுக் கைப்பிடியில் கட்டிய மஞ்சள் ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுப்பது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை.

"பத்துன்னா பத்துதான்" என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பத்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மூன்று முப்பது. பன்னிரண்டு வாரத்துக்கு எண்பத்து நாலு நாள். ஆக மொத்தம் இரண்டாயிரத்து ஐநூற்று இருபது இழுப்பு. தோளின் உண்மையான விலை இதுதானே? சில்லறையாகக் கட்டினால் பன்னிரண்டு வாரம். தினம் அறுபதாக மொத்தத்தில் கட்டினால் ஆறே வாரத்தில் பைசல். அவள் குறைக்காவிட்டால் என்ன, நானே குறைத்துக்கொள்கிறேன்.

காரணம் இருந்தது. அன்று காலைதான் உமாபதி முதலாளி சொல்லியிருந்தார்: "கதிர்வேலு, ஆவணிக்கு மெத்தை நடுவுல வீசுற கை வேணும். உன்னால முடியலன்னா வசந்த் உக்காரட்டும். அப்புறம் வந்து எடத்தைக் கேக்காத." என்னோடு கடையில் நிற்கிற வசந்துக்கு முப்பத்திரண்டு வயது. அவன் வீசுவதை வாடிக்கையாளர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். என்னை யாரும் பிடித்ததில்லை. மெத்தை நடுவிலிருந்து ஒரு தடவை எழுந்தவன் திரும்ப உட்கார்ந்ததை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. ஐம்பத்து மூன்று வயதில் கிடங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி எண்ண எனக்கு விருப்பமில்லை.

மஞ்சள் பட்டை நொய்யென்று இருந்தது. விளையாட்டுச் சாமான் கடையில் நீலப் பட்டை வாங்கினேன். அதுதான் கெட்டி. கடையில் சரக்கு குறிக்கிற சின்ன நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி தினம் அறுபதை எழுதிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி சங்கரி தறியில் உட்கார்ந்தபடியே கதவு ஆடுவதைப் பார்த்தாள். "இன்னாங்க, கதவு கழண்டுடும் போல இருக்குது. அந்தப் பொண்ணு இவ்ளோவா சொல்லிச்சு?"

"மொத்தமா எடுத்தா சீக்கிரம் முடியும்."

"தோளை மொத்தத்துல எடுக்கிறாரு" என்று தறியிடம் சொன்னாள்.

முதல் வாரம் தோள் சூடாக இருந்தது. வேலை நடக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாம் வாரம் கடையில் சின்னதாக இரண்டு புடவை வீசிப் பார்த்தேன், மடியில் சரியாகத்தான் விழுந்தது. மூன்றாம் வாரம் காபியை ஆற்ற டம்ளரைத் தூக்கினால் பாதி காபி வேட்டியில். சங்கரி வேட்டியை ஊறப் போட்டாள். நதியாவிடம் வாராவாரம் காட்ட வேண்டும். இரண்டு வாரமாக நான் போகவில்லை.

மூன்றாம் வாரக் கடைசியில் அவளே கடைக்கு வந்துவிட்டாள்.

என்னைப் பார்க்க வரவில்லை. அண்ணன் விக்ரமுக்குக் கல்யாணம், வாலாஜாபாத் சர்ச்சில். பெண்ணுக்குச் சந்தன நிறத்தில் புடவை வேண்டும். கூட அவள் அம்மா மரியம்மாள். அந்த அம்மாள் மெத்தையில் உட்கார்ந்ததுமே தெரிந்தது, பேரம் பேசவே பிறந்த கை. புடவையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு முகத்தில் எதையும் காட்டாமல் வைத்தார். இந்த மாதிரி ஒருத்தர் வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது.

"வேற காட்டுப்பா. இது கண்ணுக்கு அடங்கலியே."

முதலாளி கல்லாவில் இருந்தார். வசந்த் பக்கத்தில் நின்றான். சந்தனத்தில் அரக்குக் கரை போட்ட ஒன்று என்னிடம் இருந்தது. அதை மடித்து நீட்டினால் விற்காது, வீசினால் விற்கும். பழக்க தோஷத்தில் கை போய்விட்டது.

வீசினேன். தோளுக்குள் நெருப்பு. புடவை பாதி தூரம் போய், மெத்தைமேல் ஈரத்துணி மாதிரி குவிந்து விழுந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

வசந்த் வேறு பக்கம் பார்த்தான். அது அவன் நல்ல குணம். நதியா என் தோளைப் பார்த்தாள், பிறகு புடவையைப் பார்த்தாள். குவிந்து கிடந்தாலும் நல்ல புடவை நல்ல புடவைதான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது இன்னா விலைண்ணா?"

"இருவத்தெட்டாயிரம்மா." இருபத்து நாலில் வந்து நிற்கலாம் என்று எனக்குள் ஒரு கோடு இருந்தது.

"சரிண்ணா. பில் போடுங்க."

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான், மேலே ஒன்றும் வரவில்லை. மரியம்மாள் மகளின் தொடையில் கிள்ளினார்.

"ஏய், கேளுடி!"

"இன்னாத்தம்மா கேக்கிறது? புடிச்சிருக்குது, அவரு விலை சொல்லிட்டாரு."

"சொல்லுவாங்கடி! அதுக்குத்தான் உக்காந்திருக்காங்க!" என்று என்னைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதப்பா, இவ அப்பன் வளர்ப்பு. சொன்னா சொன்னதுதான் ரெண்டு பேருக்கும். அந்த மனுஷன் வாலாஜாபாத் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கினாரு. நீ இப்ப பிடிச்சிக்கினு இருக்கிற இதே தோள்தான் அவருக்கும் போச்சு. இத்தினி வாரம் சும்மா இருன்னு சொல்ல ஆளில்ல, மூட்டை ஏத்துன்னு சொல்லத்தான் ஆள் இருந்தாங்க. ஏத்தினாரு. இன்னிக்கும் அவருக்குத் தலை நான்தான் சீவி விடுறேன். கோணலா வகிடு எடுத்து வுட்டா நாள் முழுக்கக் கோவம்!" என்று சிரித்தார்.

நதியா சிரிக்கவில்லை. பில் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் எழுத முடியவில்லை. யாருமே குறைத்துக் கேட்காத விலையை எப்படி எழுதுவது? "இருவத்தஞ்சு போட்டுக்கலாம்மா" என்றேன் நானாகவே.

"ஏண்ணா?"

"இருவத்து நாலுன்னு வெச்சுக்கலாம்."

கல்லாவில் முதலாளி இருமினார். விற்கிறவனே தன் விலையைத் தானே அடித்துக் கீழே இறக்குவதை அந்தக் கடை அன்றைக்குத்தான் பார்த்தது.

"அப்ப ஏன் இருவத்தெட்டுன்னு சொன்னீங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண்ணுக்கு ஏற்றிச் சொல்லத் தெரியாது. ஏற்றிச் சொல்லத் தெரியாதவள் சொன்ன பன்னிரண்டில் கழிக்க எதுவுமே இருந்திருக்காது. பத்து என்றால் அது பத்து. நான் மூன்று வாரமாக இல்லாத லாபத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் என் சொந்தச் சதையிலிருந்து.

சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவளிடம் கொடுத்தேன்.

படித்தாள். "அறுவதா?"

"ஆமா."

"மஞ்சள் பட்டையிலயா?"

"நீலம்."

"அடப்பாவி" என்றார் மரியம்மாள். அவருக்கு என்ன புரிந்ததோ.

சாயந்திரம் மாடியில் நதியா அளவுகோலை வைத்துப் பார்த்தாள். முதல் நாள் என் கை பக்கவாட்டில் நூற்றுப்பத்து டிகிரி போயிற்று. இப்போது தொண்ணூற்றைந்து. டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள். மறுநாள் அவர் திரும்ப ஸ்கேன் பார்த்து, கிழிசல் பெரிதாகவில்லை, ஆனால் நாண் வீங்கிக் கிடக்கிறது என்றார். அந்தச் சீட்டோடு திரும்ப நதியாவிடம் போனேன்.

"அண்ணா, பட்டையை இழுக்கும்போது சதை கட்டாது. இழுத்துட்டு சும்மா இருக்கீங்க இல்ல, அப்பதான் கட்டுது. நான் பத்துதான் குடுத்தேன்னு நெனச்சீங்க. பத்துக்கு நடுவுல இருந்த ஓய்வும் நான் குடுத்ததுதான். அதைத் தூக்கிப் போட்டுட்டீங்க."

"சரிம்மா. இப்ப?"

"வீக்கம் வடியட்டும். அப்புறம் மஞ்சள் பட்டையிலேர்ந்து. இன்னிலேர்ந்து பன்னெண்டு வாரம்."

"ஏற்கெனவே போன மூணு வாரத்தைக் கழிச்சுக்க..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

ஆவணி போயிற்று என்பது அதற்கு அர்த்தம். மறுநாள் கடை திறந்ததும் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, ஆவணிக்கு மெத்தை நடுவுல வசந்த் உக்காரட்டும். நான் பன்னெண்டு வாரம் வீசக் கூடாது."

"எட்டுல முடிச்சுக்க" என்றார் திரும்பாமலே.

"முடியாது முதலாளி."

"பத்து. அதுக்கு மேல பேசாத."

எப்பேர்ப்பட்ட மனுஷன். அவர் கேட்டு நான் இறங்காமல் இருந்ததே இல்லை. அவரும் என் வாயிலிருந்து பதினொன்று வரும் என்றுதான் நின்றார்.

"இல்ல முதலாளி. பன்னெண்டு. அதுல குறைக்க ஒண்ணுமில்ல."

இப்போது திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இடம் போயிடும்டா. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும்."

பூக்கூடையைக் கீழே வைத்தார். பேரம் பேசாத என்னை அவருக்கு எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. "வாய் கிழியலியே?" என்று கேட்டார்.

"அது நல்லாத்தான் இருக்குது."

"அப்ப ஸ்டூல் போட்டு அவன் பக்கத்துல உக்காரு. நீ பேசு, அவன் வீசட்டும். அப்புறம் இன்னான்னு பார்க்கலாம்."

ஆவணி அப்படிப் போயிற்று. வசந்த் நடுவில், நான் ஓரத்தில் ஸ்டூலில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. முதல் இரண்டு நாள் ஒருவர் பேச்சில் ஒருவர் முட்டிக்கொண்டோம். நான் "மயில் கழுத்து" என்றால் அவன் மாம்பழ நிறத்தை வீசினான்.

"அண்ணே, முன்னாடியே சொல்லித் தொலைங்க."

"கஸ்டமர் கண்ணு எங்க போவுதுன்னு பாருடா. கண்ணு போற எடத்தைத்தான் நான் சொல்வேன்."

"எனக்கு வீசவே நேரம் பத்தல. இதுல கண்ணை வேற பாக்கணுமா?"

மூன்றாம் நாளிலிருந்து பிடிபட்டது. திண்டிவனத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், "யாரு விக்கிறீங்க? யாருகிட்ட குறைச்சுக் கேக்கிறது?" என்று குழம்பியே பேரத்தை மறந்தார். முதலாளி அதைக் கவனித்தார்.

வசந்த் முழங்கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் வீசுவான். அதுதான் செல்போனில் அழகு. "தோளுக்குக் கீழ வீசு" என்று தினம் சொன்னேன். "பொறாமைண்ணே உங்களுக்கு" என்பான். பொறாமையும் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

காலை பத்து, மதியம் பத்து, சாயந்திரம் பத்து. பதினோராவது இழுப்புக்குக் கை தானாகப் போகும். சங்கரி தறியிலிருந்து "பத்தாயிடுச்சு" என்பாள். ஐந்தாம் வாரம் சட்டை மாட்டினேன். ஏழாம் வாரம் மஞ்சளுக்கு அடுத்த கெட்டியான சிவப்புப் பட்டை. எட்டாம் வாரம் காபி ஆற்றினேன், வேட்டியில் விழவில்லை. ஒன்பதாம் வாரம் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. கோபத்தில் நீலப் பட்டையைத் தேடினேன். சங்கரி அதில் அரிசி மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். அவிழ்க்க பலமான இரண்டு கை வேண்டும். விட்டுவிட்டேன்.

புரட்டாசி நடுவில் பன்னிரண்டு முடிந்தது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு நான் மெத்தைக்குத் திரும்பலாமா என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். எனக்கு அதைவிட அதிகமாகத் தெரிய வேண்டும். "நேராவே கேட்டுக்கிறேன்" என்று முதலாளியும் என்னோடு மாடி ஏறிவிட்டார்.

நதியா இடது கையை முதலில் அளந்தாள், பிறகு வலதை. மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து அழுத்தினாள். கை நடுங்கியது, ஆனால் விழவில்லை.

"வீசலாமா?" என்றார் முதலாளி.

"வீசலாம் சார். ஒரு நாளைக்கு நாப்பது. தோளுக்குக் கீழ மட்டும்."

"நாப்பதா? எங்க கடையில இருநூத்தம்பது போவும்மா. ஒரு நூறாவது..."

"முதலாளி" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மெத்தையில ரெண்டு பேரு உக்காரலாம், எடமிருக்குது. மீதியை அவன் வீசட்டும்" என்று முனகிக்கொண்டே படியிறங்கினார்.

நதியா என் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தாள். படியில் நின்று படித்தேன்.

பக்கவாட்டில் தூக்குவது: இடது 170, வலது 150.
வலி: பத்துக்கு ஒன்று.
பலம்: ஐந்துக்கு நாலு.
புடவை: ஒரு நாளைக்கு 40. மேல்தட்டு: கிடையாது.
பயிற்சி: சிவப்புப் பட்டை, வாரம் மூன்று நாள், நிறுத்தக் கூடாது.
பாக்கி: 20 டிகிரி. வரலாம், வராமலும் போகலாம்.